அயர்லாந்து விசாவுக்காக என் பிறப்பைத் தேடிய இரண்டு நாள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது கோயில் பயணங்கள். எந்தப் பஸ், எத்தனை மணி, எங்கே நல்ல சாப்பாடு, நடை எப்போது சாத்துவார்கள் என்று. இந்த முறை கோயில் ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆபீஸ். எங்களைப் போல எல்லைப் பக்கத்து ஊர்களில் பிறந்து, இப்போது பிள்ளைகளோடு போய் இருக்க விசா கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு நாள் அலைச்சலாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒரே மகள் மாலதி அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸ். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை தினேஷுக்கும் அங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. சுற்றிப் பார்க்கப் போகிற விசா இல்லை, போய் அவளோடேயே இருப்பதற்கான நீண்ட காலத் தங்கல் விசாவுக்கு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து மனுப் போட்டோம். சேர்ந்து என்றால் சேர்ந்துதான். இவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி மூன்று வருடம் ஆகிறது. என்னை விட்டு அவர் போக முடியாது, அவரை விட்டு நான் போக முடியாது. ஒருவருக்கு இல்லை என்றால் இருவருக்கும் இல்லை.

மாலதிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இவருடைய காகிதங்களில் ஒன்றும் கேட்கவில்லை. என்னுடையதில் ஒரே கேள்வி. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் சத்தியவேடு, தமிழ்நாடு என்று இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதே சத்தியவேடு ஆந்திரப் பிரதேசம் என்று இருக்கிறது. எது சரி? பிறப்புப் பதிவேட்டின் நகலோடு இருபத்தொரு நாளுக்குள் விளக்கம் அனுப்பவும். அனுப்பாவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுப்போம்.

தப்பு யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையதுதான். நான் எட்டாவதோடு நின்றவள். தெலுங்கு எழுத்தை, கண்டக்டராக இருந்த இவர் வீட்டுக்குக் கொண்டுவரும் டிக்கெட் கட்டுகளைப் பார்த்துக் கற்றேன். இங்கிலீஷை மருந்துச் சீட்டு, ரேஷன் மனு, பேங்க் பாரம் இவற்றிலிருந்து கற்றேன். எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் பாரம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பாஸ்போர்ட் பாரத்தையும் நானேதான் நிரப்பினேன். அன்றைக்கே இவர் சொன்னார்.

"ஆந்திரான்னு போடு. அந்த ஊரு இப்ப எங்க இருக்குது?"

"இப்ப எங்க இருந்தா எனக்கின்னா? நான் பொறந்தப்போ அது மெட்ராஸ் ராஜ்யம். செங்கல்பட்டு ஜில்லா. எங்க நைனா நூறு வாட்டி சொல்லியிருக்காரு."

"உங்க நைனா சொன்னதுக்கு முத்திரை யாரு குத்துவாங்க?"

நான் கேட்கவில்லை. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மொழிவாரியாக எல்லை பிரித்து முடித்தபோது, 1960 ஏப்ரல் முதல் தேதி, திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போனது, எங்கள் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. நான் பிறந்தது அதே வருடம் மார்ச் இருபத்தாறு, சனிக்கிழமை. ஏப்ரலுக்கு ஆறு நாள் முன்பு. எங்கள் வீட்டில் மெட்ராஸ் ராஜ்யத்தில் கடைசியாகப் பிறந்தவள் நான்தான் என்பதில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் கொண்டுபோய்ப் பாஸ்போர்ட் பாரத்தில் எழுதினேன்.

கடிதம் வந்து ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, புறப்பட்டோம். அதுவரை எட்டு நாள் இவருடைய கண் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது.

நாங்கள் இருக்கும் சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் காலை 5.40 எக்ஸ்பிரஸ். எழுபது கிலோமீட்டர். பெண்களுக்கு இப்போது டிக்கெட் இல்லை, ஆதார் காட்டினால் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். இவருக்கு 115 ரூபாய். முப்பத்தொரு வருடம் தனியார் பஸ்ஸில் மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்தவர், பக்கத்தில் பெண்டாட்டி சும்மா வர, தான் மட்டும் காசு கொடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கண்டக்டரிடம், "அம்மாகாரு சீட்டுக்கு நடுவுல உட்காந்துக்கினு வர்றாங்க, என் டிக்கெட்டுல பாதி அவங்களுது" என்றார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இவரோடு பஸ்ஸில் போவதில் ஒரு வசதி உண்டு. கண் தெரியாவிட்டாலும் திருப்பத்தையும் வேகத்தடையையும் வைத்தே ஸ்டேஜ் சொல்லுவார். "புத்தலப்பட்டு" என்றார், நான் வெளியே பார்த்தேன், புத்தலப்பட்டு. மாங்காய் மண்டிகளைத் தாண்டிக் கொஞ்சம் கண் அசந்தேன். "சந்திரகிரி வந்துடுச்சி, இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர்" என்று எழுப்பினார். கோட்டை மேல் அப்போதுதான் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. 7.45க்குத் திருப்பதி.

பஸ் நிலையத்திலேயே இரண்டு இட்லி, ஒரு வடை. 8.20க்குப் புத்தூர், நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு பஸ். கிட்டத்தட்ட எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். புத்தூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு மெல்ல மாறும். ஏறும்போது தெலுங்கில் டிக்கெட் கேட்டவர், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் தமிழில் மழையைப் பற்றிப் பேசுவார், போனில் மறுபடி தெலுங்கு. கடைப் பலகை தெலுங்கு, கடைக்காரர் திட்டுவது தமிழ். எனக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். ஆனால் அன்றைக்குத்தான் இதை வெளியூர்க்காரி மாதிரி உட்கார்ந்து கேட்டேன்.

பத்தே முக்காலுக்கு இறங்கி நேரே தாலூக்கா ஆபீஸ். பழைய ரிகார்டுகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். என் காகிதத்தை முழுக்கப் படித்தார்.

"மார்ச்சா? அப்ப எங்க கிட்ட லேதம்மா. ஏப்ரல் ஒண்ணுல இருந்துதான் இது ஆந்திரா. அதுக்கு முன்னாடி எழுதின புக்கெல்லாம் அந்தப் பக்கம் திருவள்ளூர்ல இருக்கும்."

"ஏப்ரலுக்கு அப்பால எழுதினது?"

"அது சித்தூர் போயிடுச்சு. அப்ப ஜில்லா ஹெட்குவார்ட்டர் அதுதானே. நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

"சித்தூர்ல இருந்துதான்."

இவருக்கு அது போதும். "இன்னும் பத்து நாள் பொறுத்துப் பொறந்திருந்தா, வீட்டாண்டயே வேலை முடிஞ்சிருக்கும். எதுலயும் அவசரம்" என்றார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, திருவள்ளூரில் எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தமிழில் பேசியவர் எழுதிக் கொடுத்தது தெலுங்கில்.

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வரை ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய். எல்லை தாண்டும் இடத்தில் ரோட்டின் தார் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான் அடையாளம். ஊத்துக்கோட்டையில் சாப்பாடு, இருவருக்கும் இருநூறு. அங்கிருந்து திருவள்ளூர் பஸ், இருபத்தெட்டு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி 2.20.

திருவள்ளூரில் எங்களை ஒருவரும் அலைக்கழிக்கவில்லை. அதுவே ஒரு விதத்தில் கஷ்டமாக இருந்தது. புத்தகம் இல்லை என்று சொல்லியிருந்தால், அதில் நான் இருந்திருப்பேன் என்று நம்பிக்கொண்டாவது வந்திருக்கலாம். புத்தகம் இருந்தது. எங்கள் ஊர்ப் புத்தகமே இருந்தது. பழுப்புத் துணியில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, பக்கத்திலேயே உட்கார வைத்துக் காட்டினார்கள். ஊர்க் கணக்கும் பிறப்பு இறப்பும் எழுதிவந்த கர்ணத்தின் கையெழுத்து, முத்து முத்தாகத் தமிழில். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மார்ச்சில் எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகள் நான்கு. கடைசி வரி முப்பத்தொன்றாம் தேதி, ஒரு ஆண் குழந்தை. அதற்குக் கீழே கோடு போட்டு முடித்திருந்தது. அந்த நால்வரில் நான் இல்லை.

இரண்டாவது தடவை விரல் வைத்துப் படித்தேன். மூன்றாவது தடவை அந்த ஆபீஸ்காரரே படித்தார்.

"எழுதாம விட்டிருப்பாங்கம்மா. அந்தக் காலத்துல பொண்ணு பொறந்தா பாதி பேரு போய்ச் சொல்றதே இல்ல."

எங்கள் நைனா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். யாரிடம் சொல்வது. பதிவு இல்லை என்று அவரால் எழுதிக் கொடுக்க முடியும். அதை அனுப்பினால் விசா ஆபீஸ் கேட்ட கேள்விக்கு, நான் எங்குமே பிறக்கவில்லை என்று பதில் சொன்னது போல ஆகும். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

திருவள்ளூரிலிருந்து திருப்பதிக்கு மாலை ஐந்தே கால் ரயில் உண்டு. சாதாரண டிக்கெட் ஆளுக்கு அறுபது. அதைப் பிடித்தோம். எட்டு மணிக்குத் திருப்பதி. ஸ்டேஷன் எதிரில் ரூம், 900 ரூபாய், சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலை ஐந்திலிருந்து. ரூமுக்கு வந்ததும் மாலதி கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். 

"பரவால்லம்மா. இங்க நர்ஸுங்க எல்லாரும் பாத்துப்பாங்க. நீ அலையாத."

அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நிஜமாக வேண்டும் என்றால் வேண்டாம் என்பாள். போனை வைத்ததும் இவர், "நாளைக்கு அம்மாவப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எங்கள் வீட்டில் அம்மா என்றால் திருச்சானூர் பத்மாவதித் தாயார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோ. திருப்பதியிலிருந்து திருச்சானூர் ஐந்து கிலோமீட்டர், போக வர, காத்திருக்கவும் சேர்த்து 350 பேசினோம். ஓட்டுநர் பெயர் முரளி, நகரிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. திருப்பதியில் சாமி படம் இல்லாத ஆட்டோவை நான் பார்த்ததில்லை. இந்த வண்டியில் கண்ணாடிக்கு மேலே படம் ஒட்டியிருந்த இடம் நீள்சதுரமாக, வெளுப்பாக, காலியாக இருந்தது. பூ சொருகுகிற கம்பி மட்டும் அப்படியே இருந்தது. நான் எதையும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"இன்னாப்பா, சாமி படம் எங்க?"

"எடுத்து வெச்சிருக்கேம்மா. பொண்ணு பொறந்துக்குது. இன்னிக்கு ஆறாவது நாள். தீட்டு."

"அப்ப நல்ல சேதிதானே. பேரு இன்னா?"

"பேரா? இன்னும் ஆஸ்பத்திரில போயி பொறந்த கணக்கே எழுதலம்மா. தெனம் போன் பண்றாங்க, அப்பாகாரன் வந்து கையெழுத்து போடுன்னு. அந்த கவுண்டர்ல இம்மாம்பெரிய பெருமாள் படம் மாட்டிக்கினு இருக்காங்க. அதுக்கு எதிருல போயி எப்படி நிக்கிறது? பதினோரு நாள் கழிச்சி வர்றேன்னு சொல்லிட்டேன்."

இவர் சிரித்தார். "நாள் முழுக்க கோயிலுக்குத்தான் சவாரி அடிக்கிற. அது தீட்டு இல்லியா?"

"நான் வாசல்லயே நின்னுடுவேன் நைனா. உள்ள போறது நீங்கதானே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க் கர்ணம் வீடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊரில் பெருமாள் கோயில் இடிந்து கிடந்த காலம் அது. உற்சவ மூர்த்தி இருந்தது கர்ணம் வீட்டுக் கூடத்தில்தான். அந்தக் கூடத்தில்தான் அவர் மேசை, மேசை மேல்தான் பிறப்புப் புத்தகம். நான் பெரியவளான பிறகும் அப்படித்தான் இருந்தது. தீட்டுக்காரர்கள் அந்தப் படி ஏற மாட்டார்கள். எங்கள் நைனா வருடத்தில் நாற்பது நாள் விரதம் இருந்தவர். பெண் பிறந்த மறுநாள் போய் அந்தக் கூடத்தில் நின்றிருப்பாரா?

கோயில் வாசலில் இறங்கினதும் விரல் விட்டு எண்ணினேன். பிறந்த மார்ச் இருபத்தாறு ஒன்று. முப்பத்தொன்று ஆறாம் நாள். ஏப்ரல் ஒன்று ஏழு. ஏப்ரல் ஐந்து பதினொன்று. அன்றைக்குத்தான் வீடு கழுவி, புண்ணியானம் தெளித்துத் தீட்டு கழிப்பார்கள். அதற்கப்புறம்தான் நைனா கர்ணத்தைப் பார்க்கப் போயிருப்பார்.

"இன்னாங்க, நான் பொறந்தது மார்ச்சு. எழுதினது ஏப்ரலு. நம்ம தேடினது தப்பு புக்கு."

இவர் என் குரல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப புக்கு எங்க இருக்குது?"

"சித்தூர்ல."

"பழைய புக்கெல்லாம் வெச்சிருக்கிற அந்தப் பதிவறை நம்ம வீட்ல இருந்து எத்தினி கிலோமீட்டர்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். இரண்டு. பேங்குக்குப் போகும்போதெல்லாம் அதன் மதில் ஓரமாகத்தான் நடப்பேன்.

தரிசனத்துக்கு அன்றைக்குக் கூட்டமில்லை, நாற்பது நிமிடம். தாயாரிடம் நான் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெளியே வந்து முரளிக்குப் பேசியதற்கு மேல் ஐம்பது கொடுத்து, இன்றைக்கே போய்க் கையெழுத்துப் போடு என்று சொன்னேன். பிரசாதம் நீட்டினேன், தீட்டு என்று வாங்கவில்லை. கையெழுத்துக்கும் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஒரு பக்கமாக ஆட்டினார். போட்டாரோ இல்லையோ.

ஒன்பது மணி பஸ், பதினொன்றே காலுக்குச் சித்தூர். வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே பதிவறைக்குப் போனோம். அங்கே இருந்தவர் இளைஞர், தெலுங்குக்காரர். எங்கள் ஊர்ப் பெயரையும் 1960 ஏப்ரல் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

புத்தகம் திருவள்ளூரில் பார்த்த அதே அச்சு. அதே தமிழ்க் கட்டங்கள். மேலே அச்சில் "செங்கல்பட்டு ஜில்லா" என்று இருந்ததை மசியால் ஒரு கோடு போட்டு அடித்து, அதன் மேல் கையாலே "சித்தூர்" என்று எழுதியிருந்தது. புதுப் புத்தகம் வருவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது போலும். கர்ணம் அவரே, கையெழுத்தும் அதுவே. ஒரு ராஜ்யம் போய் இன்னொரு ராஜ்யம் வந்ததற்கு அவர் செய்தது அந்த ஒரு கோடு.

அந்த இளைஞருக்குத் தமிழ் படிக்க வராது. "மீரே சதவண்டம்மா" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார், நீங்களே படியுங்கள் என்று. ஏப்ரலில் இரண்டாவது வரி. பிறந்த தேதி மார்ச்சு 26. பெண். தகப்பனார் பெயர், தாயார் பெயர், ஊர். தெரிவித்த தேதி ஏப்ரல் 6. கடைசிக் கட்டத்தில் நைனாவின் கையெழுத்து. அவருக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும், அதை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதுவார். அப்படியே நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தது.

சத்தமாகப் படித்தேன். நான் படித்தது சரிதானா என்று பார்க்கத் தமிழ் தெரிந்த அட்டெண்டர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவரும் அதையே படித்தார். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி" என்றார். "ஒரு ஸ்டேஜ்ல ஏறி, அடுத்த ஸ்டேஜ்ல டிக்கெட் எடுத்துக்கிற. செக்கிங் வந்தா மாட்டத்தான் செய்வ."

அட்டெண்டர் சிரித்தார். எனக்கும் அப்போதுதான், இரண்டு நாளில் முதல் தடவையாக, சிரிப்பு வந்தது. முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

நகலில் முத்திரை போட்டுத் தர இரண்டு நாள் ஆனது. அதோடு இன்னொரு காகிதமும் கேட்டு வாங்கினேன். இந்த ஊர் 1960 மார்ச் 31 வரை மெட்ராஸ் ராஜ்யம் செங்கல்பட்டு மாவட்டம், ஏப்ரல் 1 முதல் ஆந்திரப் பிரதேசம் சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம் என்று நான்கு வரி. பிறகு விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மாற்றினேன். பாஸ்போர்ட்டில் எழுதியது என் தவறு, பொய் சொல்லும் எண்ணத்தில் எழுதியது இல்லை, நான் பிறந்தபோது ஊர் எந்த ராஜ்யத்தில் இருந்ததோ அதை எழுதினேன், இன்றைக்கு எங்கே இருக்கிறதோ அதை எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. கடிதம் வந்த பதினைந்தாம் நாள் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஏழு வாரம் கழித்து இரண்டு பாஸ்போர்ட்டும் விசாவோடு திரும்பி வந்தன.

இனி, போகப் போகிறவர்களுக்கு. பாரத்தில் பிறந்த இடம் என்றால், அந்த ஊர் இன்றைக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பெருமையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 1960 பக்கம் எல்லையில் பிறந்தவர்கள், பிறந்த தேதியை வைத்துத் தேடாதீர்கள், போய்ச் சொன்ன தேதியை வைத்துத் தேடுங்கள். உங்கள் வீட்டுத் தீட்டு பதினோரு நாளா பதினாறா என்று பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு போனால் எந்தப் புத்தகம், எந்த ஊர் என்று தெரிந்துவிடும். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, பயப்பட வேண்டாம். என் வரியிலும் பெயர்க் கட்டம் காலிதான். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒத்திருந்ததால் போதும் என்றார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். இரண்டு நாளில் பஸ், ரயில், ஆட்டோ, ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய் ஆனது. இதில் சித்தூரை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் ஒரு ரூபாயும் ஆகியிருக்காது. ஆனால் திருச்சானூருக்குப் போகாமல் இருந்திருந்தால் சித்தூரில் இருப்பதே தெரிந்திருக்காது.

இதைக் கார்க்கிலிருந்து எழுதுகிறேன். வந்து சேர்ந்த பத்தொன்பதாம் நாள் மாலதிக்குப் பெண் குழந்தை. வலி எடுத்ததிலிருந்து அவள் பிடித்த கை என் கைதான். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று போனில் சொன்னவள், அந்தக் கையைக் காலை வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், பிறப்பைப் பதிவு செய்துவிட்டீர்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"இல்லீங்க அத்தை. இங்க மூணு மாசம் டைம் இருக்குது. நீங்க தீட்டெல்லாம் பார்ப்பீங்கன்னு மாலதி சொன்னா. பதினோரு நாள் ஆகட்டும்னு இருந்தேன்."

"தீட்டு சாமிக்கு, மாப்ள. ரிஜிஸ்டருக்கு இல்ல. கெளம்புங்க, நானும் வர்றேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் குழந்தையின் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்து நான் வீட்டில் விளக்கேற்றாத நாட்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. அன்றைக்கு ஏற்றவில்லை. பூஜைக்கு வைத்த படத்தின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அந்தத் தீட்டோடேயே போய், பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். கவுண்டரில் எந்தச் சாமி படமும் இல்லை. இருந்திருந்தாலும் நின்றிருப்பேன்.